பேசி முடிக்காமல் கை நனைப்பதில்லை

சத்தியபாமாவுக்கு ஒரு சட்டம் உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில், பேசி முடிக்கும்வரை கை நனைக்கக் கூடாது. காப்பி குடிக்கலாம், அது தண்ணீர்க் கணக்கு. ஆனால் ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். கோவில்பட்டிப் பக்கம் பல வீடுகளில் இருக்கிற வழக்கம்தான் இது. மற்ற வீடுகளில் முன்னே பின்னே இருக்கும். சத்தியபாமாவிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஒருமுறை எப்போதும்வென்றான் என்கிற ஊரில் சொந்தக்காரப் பையனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, கூட வந்த பெரியப்பா முறைக்காரர் ஒருவர் பசி தாங்காமல் வடைத் தட்டுப் பக்கம் கையை நீட்டினார். அவள் திரும்பி ஒரு பார்வைதான் பார்த்தாள். மனிதர் நீட்டிய கையை அப்படியே மடக்கிக் காதைச் சொறிந்துகொண்டார்.

சட்டம் எப்படி வந்தது என்று அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. நாம் சொன்னால் தப்பில்லை. அவள் கடம்பூர்க்காரி. கல்யாண வயதில் அவளைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் வேன் பிடித்து வந்தது. பெண் லட்சணமாக இருக்கிறாள் என்றார்கள், மண்டபம் எங்கே பிடிக்கலாம் என்றார்கள், அவளுடைய அப்பாவும் நம்பி இலையைப் போட்டுவிட்டார். போளியை அவள்தான் பரிமாறினாள். மாப்பிள்ளையின் அம்மா கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த வாரம் ஆள் மூலம் தகவல் வந்தது: பெண் கொஞ்சம் நிறம் மட்டாம். வேண்டாம் என்றதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயிறு நிறையத் தின்றுவிட்டுச் சொன்னார்களே, அதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. அப்புறம் வந்தவர்கள் தங்கசாமி வீட்டார். உச்சி வெயிலில் வந்து, பசியோடு உட்கார்ந்து, பேசி முடித்த பிறகுதான் இலைக்கு வந்தார்கள். அன்றைக்கே தங்கசாமிக்குப் பாதி மார்க் போட்டுவிட்டாள். மீதிப் பாதிக்கு அவர் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவளிடம் அவள் ஒரே மகன் ஹரிஹரசுதன் வந்து, "எனக்கு ஒரு பொண்ணப் பிடிச்சிருக்கும்மா" என்று நின்றான். அப்பாவின் தீப்பெட்டி ஆபீசை இப்போது அவனும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறான். பெண்ணின் பெயர் ஜெயப்பிரியா. அவளுடைய அப்பா பெருமாள்சாமிக்கு எட்டயபுரத்தில் விதை, உரக் கடை.

சத்தியபாமா மனதில் சிவகாசியில் ஒரு வீடு இருந்தது. அச்சாபீஸ் வைத்திருக்கிற வீடு, பெண்ணும் பார்க்க நன்றாக இருப்பாள். எனவே மகன் சொல்லி முடிப்பதற்குள் அவள் முடிவெடுத்துவிட்டாள்: இது வேண்டாம். ஆனால் முகத்துக்கு நேரே சொன்னால் பையன் ஒரு மாதத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைவான். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டு, பதமாகக் கழித்துவிட வேண்டியதுதான். கழித்துவிடப் போகிற வீட்டைப் பற்றி விசாரிப்பானேன்? பெண் என்ன செய்கிறாள் என்றுகூட அவள் கேட்கவில்லை. அடுத்த தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை விசாரித்து வைத்திருக்கிற சத்தியபாமா, வாழ்க்கையில் விசாரிக்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

"அவிய வீட்டுக்கெல்லாம் வேண்டாம். வீணா ஆசை காட்டுன மாதிரி ஆயிரும்" என்றாள். "பொதுவா ஒரு ஓட்டல்ல பாத்துக்கிடுவோம். நம்ம துட்டக் குடுத்து நாம சாப்பிடுதோம். யாருக்கும் யாரும் கடமைப்பட்டதில்ல."

சட்டத்தில் இப்படி ஒரு சந்து இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள்.

மகனுக்கு முகம் பளிச்சென்று ஆனது. "அப்ப மஞ்சள் கொடிக்குப் போவமா? எட்டயபுரம் ரோட்டுல புதுசா வந்திருக்கு. தாய்லாந்துச் சாப்பாடு."

"எதுக்கு? அங்கன எல்லாத்துலயும் மீன் தண்ணிய ஊத்துவாவளாம்லாலே?"

"இது வீகன்ம்மா. மீன், கறி, முட்டை ஒண்ணும் கிடையாது. பால், தயிர், நெய் கூடக் கிடையாது."

"நெய்யும் கிடையாதா? இது என்னலே, அநியாயச் சைவமால்ல இருக்கு!"

ஆனாலும் சைவம் என்றதும் அவளால் மேற்கொண்டு குறை சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பேசி வைத்தார்கள்.

ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது ஓட்டல். படிக்கட்டு முடிகிற இடத்தில் மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்துப் போட்ட முக்கோணக் கொடி ஒன்று தொங்கியது. சத்தியபாமா அம்மன் கொடி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீகன் சாப்பாடு விற்கிற கடைகளில் தாய்லாந்தில் இப்படித்தான் மஞ்சள் கொடி கட்டுவார்கள் என்று மகன் விளக்கினான். "இருந்துட்டுப் போகட்டும், கும்பிட்டது கும்பிட்டதுதான்" என்று அவள் உள்ளே நடந்தாள்.

வாசலிலேயே பெருமாள்சாமியும் அவர் மனைவி முத்துச்செல்வியும் நின்றார்கள். "வாங்கம்மா, வாங்கண்ணாச்சி" என்று பெருமாள்சாமி இரண்டு கையையும் கூப்பினார். ஓட்டல் வாசலில் நின்று வாங்க வாங்க என்கிறாரே, இவர் என்ன முதலாளியா என்று சத்தியபாமா நினைத்துக்கொண்டாள். ஆனால் குரலில் குழைவு இல்லை, பகட்டும் இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கக் கூடாதே என்று உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள்.

"பொண்ணு வரலையா?"

"இங்கனதான் இருக்கா, இந்தா வந்துருவா" என்றாள் முத்துச்செல்வி. பெருமாள்சாமி, "அவ உள்ள..." என்று ஏதோ ஆரம்பித்தார். "மாமா, இந்தப் பக்கம் ஃபேன் காத்து நல்லா வருது, இப்படி உக்காருங்க" என்று ஹரிஹரசுதன் குறுக்கே விழுந்தான். பெண் முகம் கழுவிப் பவுடர் போடப் போயிருக்கிறாள் போல என்று சத்தியபாமா எடுத்துக்கொண்டாள்.

ஓட்டல் சின்னதுதான், ஆனால் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பக்கத்து மேசையில் காலேஜ் பிள்ளைகள் இரண்டு குச்சிகளால் நூடுல்ஸை அள்ளிக்கொண்டிருந்தார்கள். தங்கசாமி அதைக் கவலையோடு பார்த்தார்.

"நாள் பூரா ஆபீஸ்ல தீக்குச்சியோடதான் மாரடிக்கேன். சாப்பிடவும் குச்சியா?"

முக்காடு போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்து மேசையில் கரண்டியும் முள்கரண்டியும் வைத்தாள். "அது நூடுல்ஸுக்கு மட்டுந்தான் அண்ணாச்சி. சோத்துக்குத் தாய்லாந்துலயும் கரண்டிதான்." அவள் பெயர் ருமானா. வீட்டுக்காரருக்கு ரத்தினக் கல் வியாபாரம், ஏழெட்டு வருஷம் பாங்காக்கில் இருந்துவிட்டு வந்தவள். சமையல் அங்கே படித்தது, ஓட்டல் இரண்டு பேர் கூட்டாக நடத்துவது. இவ்வளவையும் சத்தியபாமா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவளிடமிருந்து கறந்துவிட்டாள். இன்னொரு கூட்டாளி யார் என்று கேட்க வாயெடுத்தபோது, ருமானா ஹரிஹரசுதனைப் பார்த்துவிட்டு, "டீ கொண்டு வாரேன்" என்று நகர்ந்துவிட்டாள்.

டீ கண்ணாடிக் கோப்பையில் வந்தது. பால் இல்லாத, பொன் நிற டீ. உள்ளே ஒரு புல் மிதந்தது.

"என்னத்தப் புல்லு இது?"

"எலுமிச்சைப் புல்லும்மா."

டீ தண்ணீர்க் கணக்கு. எனவே தைரியமாகக் குடித்தாள். தொண்டையில் இறங்கும்போதே வெயிலில் வந்த தலைவலி பாதி விட்டுப்போனது. ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கோப்பை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வீட்டாரும் மழை பற்றியும் உளுந்து விலை பற்றியும் பேசினார்கள். தங்கசாமியும் பெருமாள்சாமியும் கரிசல் காட்டில் இந்த வருஷம் மக்காச்சோளம் போட்டவன் பாடு என்ன என்பதில் ஒன்றாகிவிட்டார்கள். சத்தியபாமா மட்டும் அளந்து பேசினாள். பதமாகக் கழித்துவிட வந்த இடத்தில் சிரித்துப் பேசுவது நியாயமில்லை என்பது அவள் எண்ணம்.

சாப்பாடு வந்தது. லேசாக ஒட்டுகிற வெள்ளைச் சோறு, ஆவி பறக்க. ஒரு கிண்ணத்தில் பச்சை நிறக் குழம்பு, தேங்காய்ப்பாலில் நம்மூர்க் கத்தரிக்காய் பிளந்து மிதந்தது. பப்பாளிக்காயைச் சன்னமாகச் சீவி, மர உரலில் பச்சை மிளகாயோடும் வறுத்த கடலையோடும் இடித்து எடுத்த ஒரு தட்டு. எண்ணெயில் பொரித்த சோயாக் கட்டி, தொட்டுக்கொள்ள அரைத்த கடலையில் ஒரு சாறு. புளியும் வெல்லமும் ஏதோ பேர் தெரியாத இலையும் கலந்து வாசம் அடித்தது. கடலையின் வாசம் மட்டும் அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வாசம்.

சத்தியபாமாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நம் துட்டு, நம் சாப்பாடு. சாப்பிடுவோம், எழுந்து போவோம், வர்ற வாரம் ஜாதகம் சரியில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்புவோம். கரண்டியில் சோற்றை எடுத்து, பச்சைக் குழம்பில் தோய்த்து, வாய்க்குக் கொண்டு போனாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். சாப்பிடாதீங்க."

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். சுடிதாருக்கு மேல் சமையல் துணி கட்டியிருந்தாள், நெற்றியில் வேர்வை, கையில் மஞ்சளும் பச்சையுமாகக் கறை. பவுடர் ஒன்றும் இல்லை. மேசை பக்கத்தில் வந்து நேராக நின்றாள்.

"நான்தான் ஜெயப்பிரியா. இது என் ஓட்டல். நானும் ருமானாவும் நடத்துதோம். உங்களுக்குத் தெரிஞ்சுதான் இங்கன வாரீங்கன்னு நினைச்சேன். தெரியாதுன்னு இப்பத்தான் உள்ள ருமானா சொல்லிச் சிரிச்சா."

சத்தியபாமா கரண்டியைத் தட்டில் வைத்தாள். பெருமாள்சாமியும் முத்துச்செல்வியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தியபாமாவுக்குத் தெரியாது என்பது அவர்களுக்கும் புதுச் செய்தி. ஹரிஹரசுதன் தண்ணீர் டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"ஏலே, உனக்குத் தெரியும்லா?"

"சாப்பிட்டு முடிச்சப்பெறவு சொல்லலாம்னு இருந்தேம்மா" என்றான் டம்ளரைப் பார்த்தே. "கை நனைச்சிட்டா நீ பேச்சு மாற மாட்டேல்லா."

பயலுக்கு இவ்வளவு மூளையா என்று ஒரு பக்கம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மறுபக்கம் கோபம் காது மடல்வரை ஏறியது. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவளை அந்தச் சட்டத்தைக் கொண்டே கட்டிப்போடப் பார்த்திருக்கிறான். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் கட்டியும் போட்டிருப்பான்.

"உன்னயப் பெறவு பாத்துக்கிடுதேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டு, பெண்ணின் பக்கம் திரும்பினாள். "நீ ஏம்மா தடுத்த? ஒரு வாய் உள்ள போயிருந்தா உனக்கு ஜெயம்தான?"

"ஜெயம் இல்லம்மா. அது ஏமாத்து." பெண் குரல் உயரவில்லை, தாழவும் இல்லை. "உங்க வழக்கம் சுதன் சொல்லியிருக்கான். எனக்கு அது பிடிக்கும். பேசி முடிக்காம உங்களுக்குத் தெரியாம சாப்பிட வச்சிட்டா, காலம் பூரா என் சாப்பாட்டப் பாக்கையில உங்களுக்கு இன்னிக்கு ஏமாந்ததுதான் ஞாபகம் வரும். என் சாப்பாட்டுக்கு அந்தக் கேவலம் வேண்டாம். அது நல்ல சாப்பாடு."

"நாங்க துட்டுக் குடுத்துத்தான் சாப்பிடுதோம்."

"துட்டுக் குடுக்குத சாப்பாடு அந்த மேசையில இருக்கும்மா." காலேஜ் பிள்ளைகளைக் காட்டினாள். "இது நான் காலைல இருந்து உங்களுக்குன்னு சமைச்சது. இதுக்கு பில் கிடையாது. உங்களுக்குச் சம்மதம் இல்லைன்னா சொல்லுங்க, நாலு கடை தள்ளி நல்ல மெஸ் இருக்கு. வெயிலா இருக்கேன்னு யோசிக்காதீங்க, குடையோட நானே கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிட்டு வாரேன். பசியோட அனுப்ப மாட்டேன்."

முத்துச்செல்வி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, பெரியவங்ககிட்ட..." பெண் நகரவில்லை. நகராமல் நின்றாளே தவிர, அவளுடைய சமையல் துணியின் நுனி விரல்களில் சுருண்டு கசங்கிக்கொண்டிருந்தது. சத்தியபாமாவின் கண்ணுக்கு அது தப்பவில்லை. மகனைத் தனக்குப் பிடித்திருக்கிற அளவுக்கு இவளுக்கும் பிடித்திருக்கிறது. பிடித்திருந்தும் வந்து தடுத்திருக்கிறாள்.

"நாங்க வேண்டாம்னு எந்திரிச்சுப் போயிட்டா, இம்புட்டுச் சாப்பாட்டையும் என்னட்டி செய்வ?"

"நாங்க உக்காந்து சாப்பிடுவோம்" என்றாள் ஜெயப்பிரியா. "அழுதாலும் அழுவேன். ஆனா சாப்பிடுவேன். அம்புட்டு நல்லா வந்திருக்கு."

தங்கசாமி சிரித்துவிட்டார். சத்தியபாமா சிரிக்கவில்லை. மேசையில் ஆவி அடங்கிக்கொண்டிருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடம்பூர் வீட்டுப் பந்தி அவளுக்கு முன்னால் வந்து நின்றது. தட்டில் போளியோடு அவள் குனிந்து குனிந்து பரிமாறியதும், இன்னும் ஒன்று வை என்று அந்த அம்மாள் இலையைக் காட்டியதும். அந்த அம்மாள் இலைக்கு வரும்போதே வேண்டாம் என்று முடிவு செய்துதான் வந்தாளோ? ஜாதகமோ நிறமோ, எதன் மேல் பழியைப் போடலாம் என்று மென்றுகொண்டே யோசித்தாளோ? இத்தனை வருஷமாக அந்த முகத்தை மறக்காமல் வைத்திருந்த சத்தியபாமா, இன்றைக்கு அதே முகத்தை எடுத்துத் தான் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். சின்ன ஒரு மாற்றம், துட்டுக் கொடுத்துவிடுவதாக நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது. அன்றைக்குத் தன் வீட்டில் யாராவது ஒருவர் இந்தப் பெண்ணைப் போலக் குறுக்கே வந்து, முதலில் பதிலைச் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சத்தியபாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஹரிஹரசுதனும் பதறி எழுந்தான். "அம்மா..."

"நீ உக்காருலே." ஜெயப்பிரியாவிடம் திரும்பினாள். "கை கழுவ எங்கன போகணும்?"

பெண்ணின் முகம் ஒரு கணம் வாடியது. சாப்பாட்டைத் தொடாமலே கை கழுவிவிட்டுப் போகிறாள் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் வழியைக் காட்டினாள். "அந்தா, அந்த மூலையிலம்மா."

சத்தியபாமா மூலைக்குப் போனாள். வளையலை மேலே ஏற்றிவிட்டு, சோப்புப் போட்டு, கையைத் தேய்த்துக் கழுவினாள். அவசரம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து தன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கரண்டியையும் முள்கரண்டியையும் எடுத்து மகன் பக்கம் தள்ளி வைத்தாள். பச்சைக் குழம்பைக் கிண்ணத்தோடு சோற்றில் கவிழ்த்து, ஐந்து விரலாலும் பிசைந்து, ஒரு கத்தரிக்காயையும் சேர்த்து உருட்டி, வாயில் போட்டாள்.

முத்துச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சத்தியபாமா மென்று விழுங்கினாள். "உப்பு ஒரு கல்லு கொறவு" என்றாள்.

"கொறவு இல்ல" என்றாள் ஜெயப்பிரியா. சொன்னதிலிருந்து இறங்கவில்லை. "பப்பாளிக்காயத் தொட்டுச் சாப்பிடுங்க, சரியா இருக்கும்."

சத்தியபாமா பப்பாளிக்காயைத் தொட்டுக்கொண்டு அடுத்த வாய் வைத்தாள். சரியாகத்தான் இருந்தது. புளிப்பும் காரமும் வெல்லமும் கடலையும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து, கடைசியில் உப்பு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. இவளோடு குப்பை கொட்டுவது சுலபமில்லை என்று நினைத்தாள். நினைக்கவே சந்தோஷமாக இருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றாள் சத்தமாக, மேசை முழுக்கக் கேட்கும்படி.

தங்கசாமி அதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டார். ஹரிஹரசுதன் எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு விழித்தான். பெருமாள்சாமி மட்டும் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்ணைப் பெற்றவர் வேறு எப்படி நிற்பார்?

சத்தியபாமா பிசைந்த கையோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சம்பந்தி, நிக்கீங்க?" என்றாள். "கையக் கழுவிட்டு வாங்க. சோறு ஆறுதுல்லா."